ஆ லெங் கடையில் வாங்கிய காய்கறிக் கத்தி

1

1937 அக்டோபர் 16, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தரைக்குப் பெரட்டில் நின்றேன். விடியுமுன் வேலைக்கு ஆள் எண்ணும் அந்த இடத்தில்தான் காய்ச்சல்காரர்களைத் தனியே பிரித்தெடுப்பேன். இன்று ஏழு பேர். எட்டு மணிக்கு, நான் டிரஸ்ஸராக இருக்கும் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும் வேலை, பத்துக்குக் கொயினா மருந்து கலக்கல், பதினொன்றரைக்குப் பதிவேடு. ஒரு மணிக்குச் சாப்பாடு: சோறு, பயற்றங்காய்ப் பொரியல், ரசம். இரண்டு மணிக்கு மகள் ராஜத்தை சைக்கிளில் வைத்துக்கொண்டு யோங் பெங் கடைத்தெருவுக்குப் புறப்பட்டேன். இந்த மலாயா நாட்டுக் கரையில் இறங்கி இன்றோடு பதினைந்து ஆண்டுகள். அதற்காக ஏதாவது இனிப்புச் செய்யலாம் என்று என் மனைவி தையல்நாயகி வெல்லமும் பச்சரிசி மாவும் வாங்கிவரச் சொல்லியிருந்தாள்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, என் கண் முன்னால், மளிகைக் கடைக்காரன் ஆ லெங்கின் இடது காது அறுக்கப்பட்டது. காரணம் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் காய்கறிக் கத்தி. வாங்கியவன் நான். எங்கே வாங்கினேன் என்று சொன்னவனும் நானே.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

2

ஜூலை மாதம் தையல்நாயகி கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டாள். எலும்பு சேர்ந்துவிட்டது, கால்தான் மடங்கவில்லை. அரிவாள்மணைக்கு முன் உட்கார முடியாதவள் எப்படிக் காய் நறுக்குவாள்? ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட மேசை ஒன்றைச் சமையலறைக்குக் கொண்டுவந்தேன். மேசை வந்தால் கத்தி வேண்டும்.

அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. முதலில் சீனர்கள் கோழி வெட்டும் பெரிய கத்தி ஒன்றை இரவல் வாங்கி மருந்துத் தராசில் வைத்தேன். பதினான்கு அவுன்ஸ். அரைமணி நேரத்தில் தையல்நாயகியின் மணிக்கட்டு வீங்கியது. அடுத்து துரை வீட்டுச் சமையல்காரரிடமிருந்து சீமைக் கத்தி. நான்கு அவுன்ஸ்தான், ஆனால் பூசணியில் பாதி இறங்கியதும் வளைந்தது. அதன் விளிம்பு வேறு வில்லைப்போல் வளைந்திருந்ததால் பயற்றங்காயின் அடித்தோல் அறுபடாமல் நின்றது. கையில் எடுத்தால் துண்டெல்லாம் சரம்போலத் தொங்கின.

"இதை நறுக்கினேன்னு சொல்றதா, கோத்தேன்னு சொல்றதா?" என்றாள் தையல்நாயகி.

அடுத்த தோட்டம் ஜப்பானியர்களுடையது. போன வருஷம் அங்கே காலரா ஊசி போடப் போயிருந்தபோது அவர்களுடைய சமையல்காரர் முள்ளங்கி நறுக்கியதைப் பார்த்திருந்தேன். நீள்சதுரக் கத்தி, நுனி மழுங்கல், விளிம்பு காய்ச்சல்மானியில் பாதரசம் நின்றதுபோல் நேர்க்கோடு. மேலிருந்து கீழே இறக்கியதும் விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் பலகையைத் தொட்டது. எதுவும் தொங்கவில்லை.

அப்படி ஒன்று கிடைக்குமா என்று செப்டம்பர் 11 அன்று ஆ லெங்கைக் கேட்டேன். பன்னிரண்டு வருஷமாக எங்கள் தோட்டத்து ஆட்களோடு வியாபாரம் செய்கிற ஆள்; தமிழ் அவன் பாணியில் சரளம். கேட்டதும் வாசலைப் பார்த்தான். பிறகு என்னை உள்அறைக்கு அழைத்துப்போய், அரிசி மூட்டைக்கு அடியிலிருந்து இரண்டு கத்திகளை எடுத்தான்.

"இது ரெண்டுதான் இருக்கு அய்யா. பழசு. சண்டைக்கு முன்னே பத்து பகாட் டவுன்ல வாங்கினது. நல்லா வெட்டும் லா. எலும்பு போடாதே, தேங்காய் போடாதே. காய் மட்டும்."

இரண்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒன்று உளிபோல ஒரு பக்கம் மட்டும் தீட்டப்பட்டது. ஒரு பக்கம் தீட்டிய கத்தி பழகாத கையில் நேரே இறங்காது, சாய்ந்துகொண்டே போகும். அறுவைக் கத்திகளோடு பழகியவனுக்கு இது தெரியும். மற்றது இரு பக்கமும் தீட்டியது. அதன் விளிம்பை மிட்டாய்ப் புட்டியின் தட்டையான கண்ணாடியில் நிறுத்தினேன்; இடையில் வெளிச்சம் கசியவில்லை. அலகு ஆறரை அங்குல நீளம், இரண்டு அங்குல உயரம். எடையை வீட்டுக்கு வந்து பார்த்தேன், ஐந்தரை அவுன்ஸ். அலகின் இடப்பக்கத்தில் உளியால் கொத்திய நான்கு ஜப்பான் எழுத்துகள் இருந்தன.

ஆ லெங் அதை மூன்று சுற்றுக் காகிதத்தில் சுற்றினான். காய்ந்த மிளகாய்ப் பைக்கு அடியில் வைத்தான். மேலே கருவாட்டைப் போட்டான்.

ஜப்பான் சாமானை விற்கவோ வாங்கவோ கூடாது என்று சீனர்கள் கட்டுப்பாடு போட்டிருந்த சமயம் அது. அவர்கள் தேசத்தில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் யாரிடமும் சொல்லாதே என்று ஆ லெங் வாயைத் திறந்து சொல்லவில்லை. மிளகாய்க்கு அடியில் வைக்கிற ஒருவன் வேறெப்படிச் சொல்வான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. சொல்லப்பட்டதை மட்டும் கேட்டுக்கொள்வது என் பழக்கம்.

3

கத்தி வந்த முதல் நாளே ரத்தம் குடித்தது.

தையல்நாயகி அதைப் பலகைமேல் விளிம்பு மேலே பார்க்க இடக்கையால் ஊன்றிப் பிடித்து, வலக்கையிலிருந்த கத்தரிக்காயை அதன்மேல் கொண்டுபோய் அழுத்தினாள். அரிவாள்மணையில் அப்படித்தானே? கத்தரிக்காய் இரண்டானது; உள்ளங்கையும் இரண்டானது. நான் மூன்று தையல் போட்டேன். அவள் கத்தவில்லை, என்னைத் திட்டினாள்.

"முப்பது வருஷமா கத்தி நிக்கும், காய் வரும். இப்ப காய் நிக்கணும், கத்தி வரணுமாம். இதை மொதல்லயே சொன்னா என்ன? அவுன்ஸ் கணக்கெல்லாம் சொன்னீங்களே!"

பத்தாம் நாள் அவளுக்குக் கை வந்துவிட்டது. வாழைக்காய் நறுக்கியதில் அலகு கறுநீலமானதைப் பார்த்து, "கத்தி செத்துப்போச்சா?" என்று கேட்டாள். இது எஃகின் இயல்பு, புளியும் எலுமிச்சையும் பட்டால் உடனே துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்றேன். அதற்கப்புறம் அந்தக் கத்தியை அவள் வேறு யாரையும் தொடவிட்டதில்லை.

4

புதன்கிழமை ஆயுத பூஜை. ஆஸ்பத்திரித் தராசு, கத்தரி, இடுக்கி, ரப்பர் உளி, ராஜத்தின் பள்ளிப் புத்தகங்கள், அரிவாள்மணை எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். புதுக் கத்தியை நடுவில் வைத்தாள் தையல்நாயகி. அலகு முழுக்கச் சந்தனம் பூசித் துடைத்து, மேலே குங்குமம் இட்டாள். துடைத்த இடமெல்லாம் சந்தனம் போயிற்று. கொத்திய எழுத்துகளுக்குள் மட்டும் தங்கிவிட்டது. கறுத்த அலகில் நான்கு எழுத்தும் மஞ்சளாக, பெயர்ப்பலகை மாதிரி எழுந்து நின்றன.

அதே சமயம் வார்டு ஜன்னல்களைப் பழுதுபார்க்க வந்திருந்த சீனத் தச்சுக்காரரைச் சுண்டல் சாப்பிடக் கூப்பிட்டேன். நல்ல வேலைக்காரர். இரண்டு வாரம் முன்பு அவர் பிறந்த ஊரில் குண்டு விழுந்ததாகக் கடிதம் வந்திருந்தது. தாயைப்பற்றித் தகவல் இல்லை. அவர் உளியையும் பூஜையில் வைக்கலாம் என்று ராஜம் வாங்கி வைத்தாள். சுண்டலை மென்றுகொண்டே வரிசையைப் பார்த்தார். பார்வை கத்தியில் நின்றது. மெல்லுவதும் நின்றது.

"டிரஸ்ஸர், பாகுஸ்," என்றார். நன்றாக இருக்கிறதாம். பிறகு மலாயில் மெதுவாக, "எங்கே வாங்கியது?" என்று கேட்டார்.

சிங்கப்பூர் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். "ஆ லெங் கடையில் வாங்கிய காய்கறிக் கத்தி," என்றேன். தேதியையும் சொன்னேன்.

அவர் சுண்டலை முடித்துக் கை கழுவினார். உளியின் குங்குமத்தைத் துடைக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

5

நான் கடல் தாண்டியதற்கும் இப்படி ஒரு பதில்தான் காரணம். பதினாறு ஆண்டுகளுக்கு முன் மாயவரத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் தண்ணீருக்காக என் அண்ணனும் சித்தப்பா மகனும் வரப்பில் நின்று அரிவாளை எடுத்தார்கள். சித்தப்பா மகனின் வலது கை மணிக்கட்டோடு சேற்றில் விழுந்தது. விரல்கள் கொஞ்ச நேரம் சேற்றைப் பிறாண்டின. "முதலில் ஓங்கியது யார்?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். அங்கே நின்றவர்கள் எல்லோரும் பார்க்கவில்லை என்றார்கள். நான் "என் அண்ணன்" என்றேன். அண்ணனுக்கு ஏழு வருஷம் கடுங்காவல். அம்மா அதன்பிறகு எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

அதை நியாயம் என்று நானே பலமுறை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டால் உள்ளதைச் சொல்லுகிறவன் என்று என்னைப்பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு இதுவரை கை கொடுத்தவர் ஒருவர், காது கொடுத்தவர் ஒருவர். என்னுடையதாக ஒன்றும் போகவில்லை.

6

இனி இன்று நடந்தது.

கடையில் நானும் ராஜமும்தான் இருந்தோம். நான் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்று பேர் வந்தார்கள். இந்த ஊர் முகங்கள் இல்லை. ஒருவன் ஒரு பலகைக் கதவை இழுத்துச் சாத்தினான். இன்னொருவன் ஆ லெங்கின் தலைமுடியைப் பிடித்துக் கல்லாப்பெட்டியின்மேல் முகத்தை மோதினான். பல் உடைகிற சத்தம் கேட்டது. மிளகாய்த் தட்டு கவிழ்ந்து நெடி கிளம்பியது. ஆ லெங் கையை வீசி உதறியதில் எண்ணெய்க் குவளை உருண்டது. கதவைச் சாத்தியவன் ஓடிவந்து அவன் முதுகில் முழங்காலை ஊன்றினான்.

மூன்றாவது ஆள் சவரக் கத்தியை விரித்தான். அவசரப்படவில்லை. ஏதோ படித்துக் காட்டுவதுபோல் பேசினான்.

நான் ராஜத்தின் முகத்தை என் வயிற்றோடு அழுத்தி மூடிக்கொண்டேன். அவள் காதை மூடவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண். தமிழ் எழுதக் கூப்பிட்டால் தலைவலி என்பாள், ஆ லெங்கின் மகள்களோடு விளையாடிச் சீனம் மட்டும் தண்ணீராக வரும். அவள் என் சட்டைக்குள்ளிருந்து சொன்னாள்:

"டிரஸ்ஸர் வீட்ல ஜப்பான் கத்தி இருக்குது, நீதான் வித்தியாம்னு கேக்குறாங்க. நாட்டை வித்தவன்னு சொல்றாங்க. அப்பா, தச்சுக்காரர் பேரைச் சொல்றாங்கப்பா."

காதின் மேல்நுனியைப் பிடித்து இழுத்து, கத்தியை மேலிருந்து கீழே இரண்டு முறை ஓட்டினான். நல்ல கூர்மை. ஆ லெங் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. காது நெத்திலிக் கருவாட்டுத் தட்டில் விழுந்தது. வெட்டியவன் கத்தியை அரிசிச் சாக்கில் துடைத்தான். என்னைப் பார்த்து, "டிரஸ்ஸர், பூலாங்," என்றான். வீட்டுக்குப் போ என்று அர்த்தம். மரியாதையாகத்தான் சொன்னான். மூவரும் நடந்தே போனார்கள்.

என் கையில் ஒரு வெங்காயம் இருந்தது. அதைக் கூடையில் வைத்துவிட்டுத்தான் அவனிடம் ஓடினேன் என்பதையும் எழுத வேண்டும்.

வேட்டியைக் கிழித்து அழுத்தினேன். ஆ லெங்கின் மனைவி பின்கட்டிலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டுத் தன் மார்பிலேயே அறைந்துகொண்டாள். பக்கத்துக் காப்பிக் கடைக்காரரின் மோட்டாரில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். ஒன்பது தையல். காதின் துளை அடையாமல் பஞ்சு திணித்து, தலையைச் சுற்றிக் கட்டினேன்.

பதிவேட்டில் 'காயத்தின் காரணம்' என்று ஒரு பத்தி உண்டு. நான் பேனாவை எடுத்ததும் ஆ லெங் என் கையைப் பிடித்தான்.

"அய்யா, போலீஸ் வேணாம். விழுந்துட்டேன்னு எழுது. அவங்க திரும்பி வந்தா பொண்டாட்டி, புள்ளை..."

விபத்து என்று எழுதினேன். பதினைந்து ஆண்டுப் பதிவேட்டில் என் கையால் எழுதிய முதல் பொய் அது. அவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை.

அப்போது ஆ லெங் சொன்னான்: "தச்சுக்காரன் கத்தியைப் பார்த்தான், சரி. என் கடைன்னு அவன்கிட்ட யாரு சொன்னதுன்னு எனக்குத் தெரியும் அய்யா. ஆ சோங்."

ஆ சோங் அவன் மனைவியின் தம்பி. கடையில்தான் வேலை. போன மாதம் இருவருக்கும் சண்டை நடந்தது. என்னிடமே இருவரும் வந்து முறையிட்டிருக்கிறார்கள்.

"அய்யா சொல்ற ஆள் இல்லே. மூட்டைக்குக் கீழே கத்தி இருக்குதுன்னு மத்தபடி எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். பத்து பகாட் போயிருக்கான். நாளைக்குக் காலை ஆறரை பஸ்ல வருவான். வரட்டும். எனக்கு ஒரு காது போச்சு. அவனுக்குத் தலை."

வாயோரம் ரத்தம் வழிய, நிதானமாகச் சொன்னான். அரிசி அளக்கும்போது பேசுகிற அதே குரல். கோபத்தில் கத்துகிறவனை நான் நம்புவதில்லை; இவனை நம்பினேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கட்டின் நுனியை முடிச்சுப் போட்டேன். மேலே இன்னொரு முடிச்சும் போட்டேன். "அசையாமல் படு" என்று மட்டும் சொன்னேன். ஐந்து மணிக்கு அவன் பிடிவாதமாக எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

7

வீட்டில் நடந்ததைத் தையல்நாயகியிடம் சொன்னேன். காது போனதைச் சொன்னேன், ஆ சோங்கைப்பற்றிச் சொன்னேன். தச்சுக்காரரைப்பற்றிச் சொல்லவில்லை. ராஜம் சுவரோரம் நின்றாள்.

"தச்சுக்காரர்கிட்ட நீங்கதானே அப்பா சொன்னீங்க?" என்றாள். "நான் பக்கத்துலதான் இருந்தேன்."

தையல்நாயகி அப்போது பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் ஒருமுறை இறங்கி அப்படியே நின்றது.

"நீங்க சொன்னீங்களா?"

"கேட்டார். சொன்னேன்."

"ஆ லெங்குகிட்டச் சொன்னீங்களா?"

"அவன் கேட்கவில்லை. ஆ சோங்தான் என்று அவனே சொன்னான்."

"கேட்டாத்தான் சொல்லுவீங்களோ?" அவள் குரல் உயர்ந்தது. "உங்க அண்ணனை ஜெயிலுக்கு அனுப்ப வாய் வந்துச்சு. தச்சுக்காரன் கேட்டதும் தேதியோட வந்துச்சு. ஒரு புள்ளை தலை போவப்போவுது, இப்ப வாய்க்கு என்ன, தையல் போட்டிருக்கா?"

"நான் சொன்னால் அவன் என்னை வெட்டுவான், தையல்."

அதைச் சொன்னபின்தான் நான் பயந்திருந்ததே எனக்குத் தெரிந்தது. வெட்டுக் காயங்களை நூற்றுக்கணக்கில் தைத்தவன் நான். எது எவ்வளவு ஆழம் போகும், எங்கே வெட்டினால் எத்தனை நிமிடம் என்பதெல்லாம் மனக்கண்ணில் வரிசையாக வந்தன.

தையல்நாயகி பூசணியின் மீதியையும் நறுக்கி முடித்தாள். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு.

இந்தக் கத்தியைத் தூக்கி எறிந்துவிடுவோமா என்று கேட்டேன்.

"கத்தி என்ன பண்ணுச்சு? அது அது வேலையைத்தான் பார்க்குது," என்றாள். அலகைத் துடைத்து எண்ணெய் தடவி மாட்டினாள். எழுத்துகளுக்குள் இருந்த சந்தனத்தை மட்டும் ஊசியால் குத்திக் குத்தி எடுத்தாள். அது முடிய நேரமாயிற்று. வெல்லமும் மாவும் வாங்கி வரவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை.

8

17ஆம் தேதி, ஞாயிறு. நாலரைக்கு எழுந்தேன். முகம் கழுவவில்லை. பெரட்டுக்கு வரமாட்டேன் என்று கங்காணிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, என் சைக்கிள் கடைத்தெருவிலேயே நின்றதால் கட்டு மாற்றும் பையை ஆஸ்பத்திரிச் சைக்கிளில் மாட்டினேன். தையல்நாயகி ஊன்றுகோலோடு வாசல்வரை வந்தாள். "ராஜம் கிட்ட என்ன சொல்ல?" என்றாள். "எங்கே போனேன் என்று கேட்டால் சொல்," என்றேன்.

கடையின் ஒரு பலகை மட்டும் திறந்திருந்தது. உள்ளே விளக்கு. ஆ லெங் கல்லாவுக்குப் பின்னால் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முகம் ஒரு பக்கம் பூசணிபோல் வீங்கியிருந்தது. எதிரே கோழி வெட்டும் பெரிய கத்தி, பதினான்கு அவுன்ஸ்; தீட்டிய நீர் அதில் இன்னும் காயவில்லை. மணி ஆறு பதினைந்து.

நான் பையைக் கீழே வைத்தேன். கட்டைப் பார்க்கிற பழக்கத்தில் அவனுடைய இடப்பக்கம் போய் நின்றேன். அங்கேயே நின்று சொன்னேன்: "ஆ லெங், ஆ சோங் சொல்லவில்லை. கத்தி வாங்கினது உன் கடையில் என்று தச்சுக்காரரிடம் சொன்னது நான். ஆயுத பூஜை அன்று, என் வீட்டில், என் வாயால் சொன்னேன்."

அவன் அசையவில்லை. கை கத்தியின் பிடியிலேயே இருந்தது. யோங் பெங் மேட்டில் பஸ் ஏறிவரும் சத்தம் கேட்டது.

பிறகு மெல்லத் தலையைத் திருப்பி என்னை அண்ணாந்து பார்த்தான்.

"இந்தப் பக்கம் கேக்கல அய்யா. பஞ்சு அடைச்சிருக்கீங்க. அந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

நான் கல்லாவைச் சுற்றிக்கொண்டு, கத்தி இருந்த பக்கமாகப் போய், அவனுடைய வலது காதருகே குனிந்து, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.